தெற்குத் தீவில் உட்கார்ந்தவர்

அன்வர் போன் செய்தபோது நான் வாடிப்பட்டிப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மவுஸ் பிடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நாற்பது பிள்ளைகளுக்கு ஆறு கம்ப்யூட்டர். அதில் இரண்டு சும்மா பார்வைக்கு. வகுப்பு நேரத்தில் அவன் கூப்பிடுகிற ஆள் இல்லை என்பதால் வாசலுக்கு வந்து எடுத்தேன்.

“பேச்சி, எங்க இருக்க?”

“ஸ்கூல்லதான். என்ன, சொல்லு.”

“கோவர்த்தன் அண்ணே போயிட்டாரு. காலையில நெஞ்சப் புடிச்சுக்கிட்டு தண்ணி கேட்டிருக்காரு. அக்கா செம்ப எடுத்துட்டு வாரதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.”

“எந்தக் கோவர்த்தன்?” என்று கேட்டேன். என்ன கேள்வி அது! என் வாழ்நாளில் எனக்குத் தெரிந்த கோவர்த்தனன் ஒரே ஒருவர்தான். நான் உள்ளே திரும்பிப் போய், ஒரு பையனிடம் “ரைட்டு இல்லடா, லெஃப்ட்டு பட்டன்” என்று சொல்லிவிட்டு, அவன் பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன். பிள்ளைகள் பயந்துபோய் ஹெட்மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் நாகமலை புதுக்கோட்டையில் அந்த மாடி கம்ப்யூட்டர் சென்டரில் அவரிடம் படித்தவர்கள். அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, ஒரு சீவிய பென்சில். வீட்டிலிருந்து போன் வந்தால் சௌராஷ்டிரத்தில் குழைவார். போனை வைத்த கையோடு நம் பக்கம் திரும்பி மதுரைத் தமிழில் வைவார். “கீபோர்டயே பாக்காத. அது எங்கயும் ஓடிறாது” என்று அவர் சொன்னதைக் கேட்காமல் யாரும் டைப்பிங் கற்றிருக்க முடியாது. அந்தக் கோவர்த்தனனைப் பற்றி நீங்கள் எழுதுவீர்கள். நான் எழுத வந்தது, மதியம் ஒன்றே காலிலிருந்து இரண்டு மணி வரை கதவைச் சாத்திக்கொண்டு கடற்போர் நடத்திய கோவர்த்தனனைப் பற்றி. கூடவே நான் செய்த தப்பு ஒன்றைப் பற்றியும். ஆறு வருடமாக அதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு வாய் நீளம் என்று நீங்கள் எல்லாரும் சொல்வீர்கள். அந்த ஒன்றில் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

சென்டரில் ஆசிரியர்கள் மூன்று பேர். அவர் மூத்தவர், அடுத்தது அன்வர், கடைசியாகச் சேர்ந்தவள் நான். ஏதோ ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் ஒரு போர் விளையாட்டு இருந்தது. சதுரங்கம் மாதிரி முறை வைத்து ஆடுவது; நான் ஆடி முடித்த பிறகுதான் நீ. திரையில் கட்டம் கட்டமாகக் கடல். வடக்கே பெரிய நிலம், மேற்கே ஒரு தீவு, தெற்கே ஒரு சின்னத் தீவு. படையைச் சேர்த்து, கப்பலில் ஏற்றி, அடுத்தவர் கரையில் இறக்கி, ஊரைப் பிடிக்க வேண்டும். மூன்று பேருக்கும் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் ஒன்றுதான். ஒருவர் ஆடும்போது மற்ற இருவரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவருடைய டிபன் கேரியரில் வருகிற புளியோதரையில் பாதி எனக்கும் அன்வருக்கும்தான் போகும்.

கடலுக்கு வெகுதூரத்து ஊரில் உட்கார்ந்து மூன்று பேர் கடலில் சண்டை போட்டோம். நான் அதுவரை கடலைப் பார்த்ததே இல்லை. அன்வர் இதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கிண்டல் செய்வான். கோவர்த்தன் அண்ணன் கல்யாணமான புதிதில் ராமேஸ்வரம் போய், படகில் ஏறி, ஏறின ஐந்தாவது நிமிடம் வாந்தி எடுத்தவர். “கடலப் பத்தி எனக்கு அம்புட்டுத்தான் தெரியும்” என்பார். ஆனால் விளையாட்டில் கரையேறித் தாக்குவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது.

ஆரம்பத்தில் அது ரொம்பச் சுலபமாகவும் இருந்தது. கப்பல் போய் அடுத்தவர் துறைமுகத்தை ஒட்டி நிற்கும். அதே முறையில் வீரர்கள் கப்பலிலிருந்து நேராகப் பாய்ந்து தாக்குவார்கள், முழுப் பலத்தோடு. வந்தோம், இறங்கினோம், ஊர் நம்முடையது. அதனால் மூன்று பேரும் ஒரே மாதிரிதான் ஆடினோம்: கரையோர ஊர் ஒவ்வொன்றிலும் இரண்டு காவல், மிச்சமெல்லாம் கப்பல். உள்நாட்டுப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பீரங்கி என்று ஒன்று அந்த விளையாட்டில் இருப்பதே மூன்று மாதம் வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. முதல் முறை யாருக்கு வருகிறதோ அவர் ஜெயிப்பார். பெரும்பாலும் கோவர்த்தன் அண்ணன்தான்.

தை மாதம் தெப்பத்துக்கு அவர் எங்களை வண்டியூருக்கு அழைத்துப் போனார். அவர் வீடு முனிச்சாலையில், தெருமுனையிலேயே சேர்ந்துகொண்டு நடந்தோம். காலைத் தெப்பம். வருடம் பூராவும் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிற குளத்தில் அன்றைக்குத் தண்ணீர் தளும்பியது. கூட்டம் வடத்தைப் பிடித்துத் தெப்பத்தை இழுத்துக்கொண்டு கரையோடு போனது. நாங்கள் சாமியைப் பார்த்தோம். அவர் வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தார். நடு மண்டபத்திலிருந்து ஒரு சின்னப் படகு படிக்கட்டுக்கு வந்தது. பூக்கூடையோடு ஒருவர் இறங்கினார். ஒரு கால் படகில், ஒரு கால் பாசிப் படியில். படகு பின்னால் நழுவுகிறது. கூடையை விட முடியாது, பிடிக்க இன்னொரு கை இல்லை. மேல்படியில் நின்ற ஒருவர் எட்டித் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

“பாத்தியா தாயி?” என்றார் என்னிடம். “அந்த நேரத்துல மேல நிக்கிறவன் தூக்கிவிடாம ஒரு தள்ளு தள்ளியிருந்தா?”

“ஏண்ணே, சாமி கும்பிட வந்த எடத்துல எவனத் தள்ளுறது?”

“அதுக்கில்ல. படகுல இருந்து கால் எடுத்து வைக்கிறவன் அரை ஆளுதான். நாம அவன முழு ஆளாக் கணக்கு வச்சு ஆடிக்கிட்டு இருக்கோம்.”

திங்கட்கிழமை அவர் அந்த விளையாட்டின் ரூல்ஸ் ஃபைலைத் திறந்துவிட்டார். அது சாதாரண எழுத்துக் கோப்பு. எந்தப் படைக்கு எவ்வளவு பலம், எந்தக் கப்பலில் எத்தனை பேர் என்று எண்களாக இருக்கும். மாற்றிச் சேமித்தால் விளையாட்டே மாறிவிடும். கப்பலிலிருந்து நேராகத் தாக்கும் பலம் நூறு என்று இருந்ததை ஐம்பது ஆக்கலாம் என்றார். அன்வர் குதித்தான். “அண்ணே, அதுல ராஜா நீங்கதான். உங்க கையை நீங்களே வெட்டிக்கிறீங்களா?” அவர் சிரித்தார். பிறகு ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். நான் சொல்ல வந்த கதை முழுக்க அந்த வழக்கத்தில்தான் இருக்கிறது.

மாதத்துக்கு ஓர் எண்தான் மாற்றலாம். மாற்றக் கேட்டவர் பெயரை எழுத வேண்டும். கேட்டவர் அந்த மாதம் தெற்குத் தீவில் உட்கார வேண்டும். தெற்குத் தீவில் விளைச்சல் நிலம் கிடையாது; கடலைத் தாண்டிப் போய் யார் ஊரையாவது பிடித்தால்தான் பிழைப்பு. கடல் சம்பந்தமாக எதை மாற்றினாலும் முதல் அடி அங்கேதான் விழும். “நோவு யாருக்குன்னு தெரியாம ஒரு எண்ணக்கூடத் தொடக் கூடாது. கேட்டவன்தான் அங்க உக்காரணும்” என்றார். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் ஒரு தாளில் நான்கு பத்திகள் அடித்து, பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினார். மாற்றிய எண், முன்பு, இப்போது, கேட்டவர். முதல் வரியைப் பேனாவால் எழுதினார்: கப்பல் தாக்குதல், 100, 50, கோவர்த்தனன்.

அந்த மாதம் முதல் இரண்டு வாரம் அவர் மண்ணைக் கவ்வினார். பாய்ந்த படையெல்லாம் துறைமுகத்து வாசலிலேயே செத்தது. நானும் அன்வரும் தெம்பாகி, கரையோர ஊர்களில் இரண்டு காவலை ஒன்றாக்கி, மிச்சத்தை உள்ளே அனுப்பி வயலும் சுரங்கமும் பார்க்க ஆரம்பித்தோம். மூன்றாவது வாரம் அவருடைய கப்பல் ஒன்று அன்வரின் தீவில், எந்த ஊரும் இல்லாத ஒரு காட்டு முனையில் நான்கு பேரை இறக்கியது. தாக்கவில்லை. அடுத்த முறையும் தாக்கவில்லை.

“என்னண்ணே, பிக்னிக்கா?” என்றான் அன்வர்.

“ஆமா மாப்ள. காத்து நல்லா வருது.”

அதற்கடுத்த கப்பலில் பீரங்கிகள் வந்தன. காட்டுக்குள் நின்ற நான்கு பேரும் அவற்றுக்குக் காவல். கப்பலிலிருந்து தாக்கினால்தானே பாதிப் பலம்? தரையில் நின்று தாக்கினால் முழுப் பலம். ஒரே சாப்பாட்டு வேளையில் அன்வரின் மூன்று ஊர்கள் முதுகுப் பக்கமாக விழுந்தன. அன்வர் சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தான். “மொதல்ல நிக்க எடம். அப்புறம்தான் சண்டை” என்றார் கோவர்த்தன் அண்ணன். இன்னொன்றும் சொன்னார்: “எத நாம கஷ்டமாக்குறமோ, அத எவனும் காவல் காக்க மாட்டான். நீங்க ரெண்டு பேரும் கரையை மறந்துட்டீங்க பாரு.” ஓர் எண் பாதியானால் அந்த வழி அடைபடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அடைபடவில்லை, இடம் மாறிவிட்டது. இதை அவர் கரும்பலகையில் பாடமாக நடத்தவில்லை. எங்கள் ஊர்களைப் பிடித்துக் காட்டினார்.

அதற்குப் பிறகு மாதா மாதம் விளையாட்டு உருமாறியது. ஒரு கப்பலில் நான்கு பேர் என்பதை அன்வர் இரண்டாக்கினான். வழக்கப்படி தெற்குத் தீவில் உட்கார்ந்தான். அதுவரை வெறும் கப்பலை முன்னால் அனுப்பி ஏமாற்றுகிற வித்தை எங்களிடம் இருந்தது. கப்பல் அருமைப்பட்டதும் அது ஒழிந்தது. ஒரு கப்பல் மூழ்கினால் ஒரு மாத உழைப்பு போச்சு என்று, துணைக்குப் போர்க்கப்பல் இல்லாமல் யாரும் துறைமுகத்தை விட்டே கிளம்பவில்லை. காட்டு முனையில் இறங்குகிறவர்களைப் பிடிக்க எல்லாரும் உள்நாட்டில் குதிரைப்படை வைத்தோம். தாள் மெல்ல நிறைந்தது. கோவர்த்தனன், அன்வர், கோவர்த்தனன், அன்வர். என் பெயர் மட்டும் அதில் இல்லை. எனக்கு எண் மாற ஆசை உண்டு, தெற்குத் தீவில் உட்கார ஆசை இல்லை. உண்மையைச் சொல்வதற்கென்ன, தோற்கிறதென்றால் எனக்கு வேப்பங்காய்.

யாரும் மாற்றம் கேட்காத ஒரு மாதம் வந்தது. சீட்டுக் குலுக்கியதில் தெற்குத் தீவு என் தலையில் விழுந்தது. வடக்கு நிலம் அவருக்கு. நான் எங்கே இறங்கினாலும் அவருடைய குதிரைகள் வந்து நின்றன. நிற்க இடம் என்று அவர் கற்றுத்தந்த இடமெல்லாம் அவருக்கே தெரிந்த இடம்தானே? மூன்று வாரமாக மணலில் என் ஆட்களைச் சாகக் கொடுத்தேன். அன்வர் வேறு, “கடலப் பாத்திருந்தால்ல கப்பல் ஓட்டத் தெரியும்” என்று தினமும் ஊதிக்கொண்டிருந்தான். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து, ரூல்ஸ் ஃபைலைத் திறந்து, ஐம்பதை நூறாக்கினேன். ஒரு பூஜ்யமும் ஒரு ஒன்றும்; ஒரு நிமிட வேலை. மதியம் என் கப்பல்களை அவருடைய பெரிய துறைமுகத்தை ஒட்டி நிறுத்தி, நேராகப் பாய்ந்தேன். நான்கு சண்டை. நான்கிலும் ஜெயித்தேன். அந்த விளையாட்டில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் கலந்திருக்கும். பலத்தைத் திரையில் காட்டாது. அதனால் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. அன்வர் விசில் அடித்தான். “யாத்தே! பேச்சிக்கு இன்னைக்கு மீனாட்சி துணை!”

கோவர்த்தன் அண்ணன் திரையைப் பார்த்தார். சண்டை முடிவுகளைப் பென்சிலால் குறித்துவைப்பது அவர் பழக்கம். அன்றும் குறித்தார். பிறகு டிபன் கேரியரை மூடிக்கொண்டே, “ஏறிட்டியே தாயி” என்றார். குரலில் கோபம் இல்லை. என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் எல்லாரும் போன பிறகு நூறை மறுபடி ஐம்பதாக்கிவிட்டு நானும் போனேன்.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை உரிமையாளர் வந்து, கோவர்த்தனன் வேலையை விட்டுவிட்டார், இனி வகுப்புகளை நீங்கள் இரண்டு பேர்தான் பார்க்க வேண்டும் என்றார். பீரோவைத் திறந்தேன். தாள் இல்லை. நான்கு மூலையிலும் காய்ந்த பசை மட்டும் இருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். கண்டுபிடித்துவிட்டார், இவளோடு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கக்கூட மனசில்லாமல் போய்விட்டார் என்று நினைத்தேன். உப்புப் பெறாத ஒரு விளையாட்டுக்காக ஒரு மனுஷன் வேலையை விடுவாரா என்று புத்தி கேட்டது. அதற்கு மனசு, அவர் விடுவார் என்று சொன்னது. அன்வர் பல தடவை, “வா, வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வருவோம்” என்றான். ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொன்னேன். கடைசியில் அவன் மட்டும் போய்வந்தான். என்ன சொன்னார் என்று கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

நடுவில் ஒரே ஒரு முறை அவரைப் பார்த்தேன். பெரியார் பஸ் நிலையத்தில், கையில் ஒரு காகிதக் கட்டோடு நின்றார். கோர்ட்டுக்கு எதிரில் ஒரு டைப்பிங் கடையில் வேலை பார்ப்பதாகச் சொன்னார். மெலிந்திருந்தார்.

“என்ன தாயி, கப்பலெல்லாம் நல்லாருக்கா?” என்றார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அண்ணே, அன்னைக்கு எண்ண மாத்துனது நான்தான் என்று ஐந்து வார்த்தை. “பஸ்சு வந்துருச்சுண்ணே, வாரேன்” என்றேன். அது என் பஸ்கூட இல்லை. ஏறி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நின்றேன்.

காரியம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அன்வரும் முனிச்சாலை வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி ருக்மணி அக்காவை நான் அதற்கு முன்னால் போன் குரலாக மட்டும்தான் அறிவேன். உள்ளே யாரிடமோ சௌராஷ்டிரத்தில் ஏதோ சொல்லிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். மடியில் வெள்ளைத் துணி. சுங்குடிச் சேலைக்கு நூலால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். பேசும்போதும் விரல் நிற்கவில்லை. விரல் நுனிகள் காய்த்துப்போயிருந்தன.

“நீதான பேச்சி? உன்ட்ட ஒண்ணு கேக்கணும்னு ஆறு வருஷமா இருக்கேன்” என்றார்.

அவர் கேட்டது நான் பயந்ததை அல்ல. “அன்னைக்குச் சனிக்கெழம சென்டர்க்காரரு இவர வீட்டுக்கு வரச் சொல்லியிருக்காரு. மூணு பேருக்கு வேல இல்ல, ஒருத்தரக் கொறைக்கணும், கடைசியாச் சேந்த பொண்ண நிப்பாட்டிட்டு ரெண்டு பேருக்கு டைம்டேபிள் போட்டுக் கொண்டாங்கன்னாராம். ஞாயித்துக்கெழம பூரா இந்த எடத்துலதான் உக்காந்து ஸ்கேல் வச்சுக் கோடு போட்டாரு. சாயங்காலம் எந்திரிச்சு வந்து, டைம்டேபிள மாத்துனது நான், கேட்டவன்தான் உக்காரணும்னாரு. மறுநா வெள்ளனே சென்டருக்குப் போயி வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துட்டாரு. கேட்டவன் உக்காரணும்னா என்னா? எங்க உக்காரணும்? கேட்டா, உனக்குப் புரியாதுன்னுட்டாரு. வெளையாட்டுல சொல்றதுன்னு மட்டும் இந்தத் தம்பி ஒரு தடவ சொல்லுச்சு. எனக்கு வெளங்கல.”

அன்வர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இது தெரிந்திருக்கிறது. என்னிடம் சொல்லக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாராம். அன்றைக்கு என் வீட்டில் சம்பாதிக்கிறவள் நான் ஒருத்திதான். அது அவருக்குத் தெரியும். ஆறு வருடமாக நான் என்னவோ அவர் என் மேல் கோபித்துக்கொண்டு போனார் என்று நினைத்து, அந்த மனுஷனைக் கண்டால் ஓடி ஒளிந்துகொண்டிருந்தேன்.

அக்கா உள்ளே போய் ஒரு பைல் அட்டையை எடுத்து வந்தார். அதே தாள். மூலைகளில் பசை காய்ந்து பழுத்திருந்தது. எல்லா வரிகளுக்கும் கீழே பென்சிலில் ஒரு வரி: கப்பல் தாக்குதல், 50, 100. கேட்டவர் என்ற இடத்தில் எதுவும் எழுதவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் வந்து எழுதுவேன் என்று இடம் விட்டிருக்கிறார். அதற்குக் கீழே பேனாவில் கடைசி வரி: ஆசிரியர்கள், 3, 2, கோவர்த்தனன்.

நான் அக்காவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். தாளின் பின்பக்கம் வடக்கு நிலத்தையும் இரண்டு தீவுகளையும் வரைந்து, கப்பல், கரை, பூக்கூடைக்காரர், பாதிப் பலம், தெற்குத் தீவு என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். நான் எண்ணை மாற்றியதையும் அங்கேதான் முதல் முதலாக வாய்விட்டுச் சொன்னேன். அன்வர் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. தாளைத் திருப்பி, அந்தக் கடைசி வரியில் விரலை வைத்தார்.

“அம்புட்டுத்தானா?” என்றார். “நல்ல மனுஷன்தான். நான் இல்லைங்கல. ஆனா அந்தத் தெக்குத் தீவுல அவரு மட்டுமா உக்காந்தாரு? அந்த வருஷம் முடிச்சுப் போட உக்காந்தவ, இன்னும் எந்திரிக்கல. என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானும் சரின்னுதான் சொல்லியிருப்பேன். கேக்கலையே. இதுல என் பேரு எங்க இருக்கு?”

இவ்வளவு நியாயம் பார்த்த வழக்கத்தில், கேட்டவருக்குப் பக்கத்தில் உட்காருகிறவருக்கு ஓர் இடம் வைக்க எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. அவர் வேலையை விட்டதால் கிடைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டவள் நான்.

பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்தக் காலியிடத்தில் ‘பேச்சியம்மாள்’ என்று எழுதினேன். எழுத்து கோணலாகப் போனது. பிறகு, அவர் ஸ்கேல் இருக்கிறதா அக்கா என்று கேட்டேன். கொடுத்தார். தாளின் வலது ஓரத்தில் ஐந்தாவதாக ஒரு பத்தி கோடு போட்டு, மேலே ‘கூட உட்கார்ந்தவர்’ என்று எழுதி, கடைசி வரிக்கு நேரே பேனாவை நிறுத்தினேன்.

“எழுதட்டுமாக்கா?”

“இனிமே எழுதி என்னத்த பண்ண?” என்றார். முடிச்சை நிறுத்தினார். “சரி, எழுது. இனிஷியலோட எழுது.”

தாள் அக்காவிடமே இருக்கிறது. மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் எந்தக் காயலான் கடைக்குப் போனதோ. அவருடைய பொருள் என்று என்னிடம் ஒன்றும் இல்லை. இருப்பது இது ஒன்றுதான்: போன வாரம் எங்கள் பள்ளியில் நேர அட்டவணையை மாற்றினோம். ஒன்பதாம் வகுப்புக்குக் கூடுதலாக ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு வேண்டும் என்று கேட்டவள் நான். கிடைத்தது கடைசி மணிக்கு மேல்தான். யாரும் ஒத்துக்கொள்ளாத நேரம். எடுத்தால் ஐந்து மணி பஸ் போய்விடும். நானே எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதப் போனவள், பேனாவை மூடிவிட்டு வீட்டுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் என் வீட்டுக்காரர்.

“தெனமும் வர லேட்டாகும். பாப்பாவ நீங்கதான் பாத்துக்கணும். சம்மதமா?” என்றேன்.

நான் இதையெல்லாம் கேட்கிற ஆள் இல்லை. அதனால் அவருக்கே ஆச்சரியம். “எம்புட்டு நேரமாகும்?” என்றார்.

சொன்னேன். சரி என்றார். அதன் பிறகுதான் என் பெயரை எழுதினேன், கோவர்த்தன் அண்ணே. பக்கத்தில் என் வீட்டுக்காரர் பெயரையும் எழுதினேன்.